டிபன் கேரியரோடு வந்த சம்பந்தி

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்து, "ஏன் தங்கச்சி, அதையும் சொல்லிட்டியா?" என்று வந்து நிற்பாரோ என்று எனக்கு இன்றைக்கும் பயம்தான். மலாக்காவில், எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில், அவருக்கு வாய்ப்பூட்டு என்று பெயர். நான் மட்டும் அண்ணன் என்பேன். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் நான் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் அவர் தும்முவார்.

காடிகளுக்கு, அதாவது மோட்டார் கார்களுக்கு, ஒயரிங் செய்வது அவர் தொழில். வீட்டு முன்னால் நாலு தகரத்தைப் போட்டு நிழல் பண்ணி வைத்திருந்தார், அதுதான் பட்டறை. மலாயாவுக்குச் சுதந்திரம் வரப் போகிறது, வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று கோப்பிக் கடையில் எல்லாரும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்காரன் போனால் போலீஸ்காரனும் கூடவே போய்விடுவானோ என்று சிலருக்குக் கவலை. திருடர்களுக்கு அந்தக் கவலை இல்லை, அவர்கள் முன்கூட்டியே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஆட்களிடம் இருந்ததெல்லாம் போருக்கு முந்திய பழைய காடிகள். அவற்றுக்குச் சாவி என்பது ஒரு மரியாதைக்குத்தான். கொண்டை ஊசியை விட்டுத் திருகினாலும் ஓடும்.

அதற்கு அண்ணன் வைத்திருந்த மருந்து கள்ளச் சுவிட்ச். எஞ்சினில் நெருப்புப் பொறி பறக்க காயில் என்று ஒன்று வேண்டுமாம். அதற்குப் போகிற ஒயரை வெட்டி, நடுவில் ஒரு சுவிட்சை வைத்து, அந்தச் சுவிட்சை யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒளித்துவிடுவார். அதைத் தட்டாவிட்டால் காடி கிளம்பாது.

"ஏண்ணே, ஸ்டார்ட்டர் ஒயரையே வெட்டிட்டா என்ன?" என்று நான் ஒரு முறை சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"வெட்டினா காடி சத்தமே போடாது. திருடன் உடனே யோசிக்க ஆரம்பிச்சிடுவான். யோசிக்க விடக் கூடாது தங்கச்சி. காடி கிர்ரு கிர்ருன்னு சுத்தணும், ஆனா பிடிக்கக் கூடாது. இப்பப் பிடிச்சிடும், இப்பப் பிடிச்சிடும்னு அவன் இழுத்துக்கிட்டே இருப்பான். தெருவே எழுந்து வந்துடும். திருடனுக்கு நம்பிக்கை குடுக்கணும்."

தொழில் ஆரம்பித்த புதிதில் சுவிட்ச் இருக்கும் இடத்தைக் காடிக்காரரிடம் சொல்லித்தான் கொடுத்தாராம். முதல் ஆள் ஒரு மரக்கடைக்காரர். சுவிட்ச் வைத்த அன்றே கோப்பிக் கடைக்குப் போய், என் காடியை எவனாலும் தொட முடியாது, சுவிட்ச் சாம்பல் கிண்ணத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி பெருமை அடித்திருக்கிறார். மறுநாள் காடி இல்லை. சாம்பல் கிண்ணத்தை மட்டும் கழற்றிப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டுப் போயிருந்தான் திருடன்.

அன்றைக்கு அண்ணன் வாயைப் பூட்டினார். அதன் பிறகு காடிக்காரனுக்கே சொல்வதில்லை. "திருடனுக்கு யாரு சொல்றா? காடிக்காரன்தான் சொல்றான். தெரியாததை எப்படிச் சொல்லுவான்?" என்பார்.

அப்படியானால் காடிக்காரன் எப்படிக் காடியைக் கிளப்புவான்? அங்கேதான் அவருடைய கிறுக்குத்தனம் இருந்தது. சுவிட்ச் வைக்கச் சொல்லி யாராவது வந்தால், முதலில் ஒரு வாரம் அவர்கள் காடியின் முன் சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றுவார். ஒயரைத் தொட மாட்டார். ஓட்டுகிறவரையே பார்த்துக்கொண்டிருப்பார். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். அந்த ஆள் தனக்கே தெரியாமல் தினமும் என்ன செய்கிறான் என்று கண்டுபிடித்து, அந்தப் பழக்கத்திலேயே சுவிட்சைக் கொண்டுபோய் வைத்துவிடுவார். காடிக்காரன் வழக்கம்போல் ஏறுவான், வழக்கம்போல் கிளம்புவான். சுவிட்ச் எங்கே என்று அவனுக்குத் தெரியாது. தினம் தினம் அதைப் போடுவதும் அவன்தான்.

ஜாலான் பெண்டஹாராவில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி இருந்தார். அவர் உட்கார்ந்தால் சீட்டு தரையைத் தொடும். அண்ணன் சீட்டுக்கு அடியிலேயே சுவிட்சை வைத்துவிட்டார். முதலாளி எடைக்குத்தான் அது அமுங்கும், வேறு யாருக்கும் அசையாது. ஒரு நாள் மத்தியானம் நோஞ்சான் திருடன் ஒருவன் அந்தக் காடியில் ஏறி இழு இழு என்று இழுத்திருக்கிறான். கடைப் பையன்கள் புது டிரைவர் என்று நினைத்துக்கொண்டு தெருக் கோடிவரைக்கும் தள்ளிக்கூடக் கொடுத்தார்கள். கடைசியில் அவன் வேர்த்துப்போய் இறங்கி, "பாத்துக்குங்கண்ணே, மெக்கானிக்கைக் கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். அவனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு.

அதே முதலாளி ஒரு கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் இருந்தார். ஏழாம் நாள் காடி கிளம்பவில்லை. அண்ணனுக்கு ஆள் வந்தது. போய் முதலாளியை மேலும் கீழும் பார்த்தார். காடியைப் பார்க்கவே இல்லை.

"ரெண்டு நாளைக்கு நல்லாச் சாப்பிடுங்க முதலாளி, சரியாப் போயிடும்."

"யோவ், காடி ரிப்பேருய்யா!"

"காடிக்குத்தான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். முதலாளி நம்பவில்லை. ஆனாலும் விரதம் முடிந்த பசி, சாப்பிட்டார். காடி கிளம்பியது. இன்றுவரை அதன் மர்மம் அவருக்குத் தெரிந்திருக்காது.

கம்போங் செட்டியிலிருந்து ஒரு கிராணியார், ஆபீஸ் குமாஸ்தா, வருவார். செட்டி ஆட்கள் நம்மைப்போலவே கோயில் கும்பிடுகிறவர்கள், பேச்சு மட்டும் மலாய். அவர் எங்கே போனாலும் குடையோடு போவார். காடியில் ஏறியதும் குடையை ஒரு கொக்கியில் மாட்டுவார். கொக்கி கொஞ்சம் இறங்கும், சுவிட்ச் விழும். ஒரு நாள் அவர் வீட்டம்மா குடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார். காடி சண்டித்தனம் பண்ணியது. அவர் அண்ணனிடம் ஓடி வந்து, "மானா சுவிஸ்? மானா சுவிஸ்?" என்று சுவிட்ச் எங்கே, சுவிட்ச் எங்கே என்று கெஞ்சினார். அண்ணன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை.

"உஜான் நந்தி லா, இஞ்சே" என்றார். அப்புறம் மழை வரும் ஐயா, போய்க் குடையை எடுத்துவாருங்கள் என்று அர்த்தம். கிராணியார் சந்தைவரைக்கும் நடந்துபோய்க் குடையை வாங்கி வந்தார். காடி கிளம்பியது. மழை வரவில்லை. எங்கள் தெருக்காரருக்கு மந்திரம் தெரியும் என்று கம்போங் செட்டியில் பேச்சாகிவிட்டது. அதற்கும் அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

இப்போது எங்கள் காடிக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டினார். சொந்தக் காடி, அதாவது என் தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் சேர்ந்து நாலு சக்கரத்தில் ஓடியது. அது போனால் எங்கள் அடுப்பும் போகும். டாக்சி நிலையத்தில் அடுத்தடுத்து இரண்டு காடிகள் களவு போனதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. போதாததற்கு என் வீட்டுக்காரருக்கு இருந்த வாய் இருக்கிறதே, அதை மூடுவதற்குக் கதவு வைக்கக் கடவுள் மறந்துவிட்டார். மனிதர் நல்லவர். ஆனால் வீட்டில் என்ன குழம்பு என்பது அவர் மூலமாக டாக்சி நிலையத்துக்கு என் அடுப்புக்கு முன்னாலேயே தெரியும்.

நான்தான் அண்ணனிடம் போய் நின்றேன். "அண்ணே, எங்க காடிக்கும் ஒண்ணு வச்சுக் குடுங்க. இவரு கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"உன் கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஒரு வாரம் எங்கள் காடியில் ஊர் சுற்றினார். அப்புறம் ஒரு நாள் காடியைப் பட்டறையில் நிறுத்திக்கொண்டு மறுநாள் கொடுத்தார். கூடவே ஓர் அன்பளிப்பும் செய்திருந்தார். முன் சீட்டுக்குக் கீழே, டிபன் கேரியர் அசையாமல் நிற்கிற மாதிரி, ஓரம் அடித்த ஒரு பலகைத் தட்டு. "வளைவுல சாம்பார் கொட்டுதுன்னு சொன்னீங்கள்ல மாப்ள, அதான்." என் வீட்டுக்காரருக்குப் பரம சந்தோஷம். தினமும் நான் கட்டிக் கொடுக்கிற கேரியரை அதில் வைத்துத்தான் கிளம்புவார். எனக்குக் காய்ச்சல் என்றாலும் வெறும் கேரியரை எடுத்துப்போய்க் கடையில் சோறு வாங்கிக்கொள்வார். அது இல்லாமல் அவர் காடியில் ஏறி நான் பார்த்ததில்லை. கள்ளச் சுவிட்சை மட்டும் காடி முழுக்கத் தேடிக்கொண்டே இருந்தார். ஹாரனை இழுத்துப் பார்த்தார், கண்ணாடியைத் திருகிப் பார்த்தார், கதவுக் கைப்பிடியைக்கூட முத்தம் கொடுக்கிற தூரத்தில் முகர்ந்து பார்த்தார். கிடைக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அந்தத் தட்டின்மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை. சாம்பார் தட்டை யார் சந்தேகப்படுவார்கள்?

சுதந்திரம் வந்தது. டாக்சிக்காரர்கள் காடிகளில் காகிதக் கொடி கட்டினார்கள். அடுத்த வருஷம் அண்ணனின் ஒரே மகளுக்குக் கல்யாணம் அமைந்தது. மாப்பிள்ளை வீடு புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். கல்யாணம் அங்கே கோயிலில், சாப்பாடு மாப்பிள்ளை வீட்டார் செலவு. ஒயர் முறுக்குகிறவன் மகளையா எடுப்பது என்று அங்கே சிலர் முனகியதாகக் கேள்வி. முனகியவர்களில் முதல் ஆள் மாப்பிள்ளையின் பெரியம்மா. பெண்ணை அழைத்துப்போக வந்தவரும் அதே பெரியம்மாதான். பெண்ணின் புடவையிலிருந்து பந்தலின் வாழை மரம்வரை எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்தார்.

பெண் ஏறுகிற காடி எங்களுடையது. பூச்சரம் சுற்றி, சந்தனம் தெளித்து, கல்யாணப் பெண்ணைவிட அழகாக நின்றது. என் வீட்டுக்காரர் புதுச் சட்டையில் கையை வீசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெண்ணும் பெரியம்மாவும் பின்னால் ஏறினார்கள். தேங்காய் உடைத்தார்கள். என் வீட்டுக்காரர் ஸ்டார்ட்டரை இழுத்தார்.

கிர்ரு கிர்ரு கிர்ரு.

பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்திருந்த டாக்சிக்காரர்கள் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். ஒருவர் பானெட்டைத் திறந்தார், ஒருவர் பெட்ரோலை மோந்து பார்த்தார், ஒருவர் பூச்சரம்தான் காற்றை அடைக்கிறது என்று பாதிப் பூவைப் பிய்த்துப் போட்டார். என் வீட்டுக்காரர் புதுச் சட்டை ஒட்டிப்போகிற அளவுக்கு வேர்த்தார்.

"நேரம் ஆவுது. முகூர்த்தம் நமக்காகக் காத்திருக்காது" என்றார் பெரியம்மா.

"பொண்ணை என் காடியில ஏத்துங்க" என்றார் ஒரு டாக்சிக்காரர்.

"ஏறின பொண்ணு இறங்கறதா? தேங்காய் உடைச்ச பெறகா? இறங்கினா அப்படியே வீட்டுக்குள்ள போயிடட்டும். நான் போயி எங்காளுங்ககிட்டச் சொல்லிக்கிறேன்." சொன்ன விதத்திலேயே தெரிந்தது, அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அண்ணி தூணைப் பிடித்துக்கொண்டார். பெண் குனிந்த தலை நிமிரவில்லை. நெற்றிச்சுட்டி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணன் முன் கதவு வழியாகக் குனிந்து பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் கேட்டார். "மாப்ள, சாப்பாடு எடுக்கலையா?"

"என்ன மச்சான் நீங்க! கல்யாண வீட்டுக்குப் போறப்ப எவனாவது சோறு கட்டிக்கிட்டுப் போவானா?"

அண்ணன் முகம் எப்படி ஆனது என்று நான் பார்த்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு மனிதனின் பழக்கத்தைப் படித்தவர், நம் ஆட்களுக்குக் கல்யாணம் என்று ஒன்று வரும், அன்றைக்குக் கேரியர் வராது என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டார். அதுவும் தன் மகள் கல்யாணம். இது எனக்கு அப்போது புரியவில்லை. அவர் என்னிடம் வந்து மெல்லிய குரலில் சொன்னார்.

"தங்கச்சி, ஓடிப்போயி உன் டிபன் கேரியரை எடுத்துக்கிட்டு வா."

"எதுக்குண்ணே?"

"கேக்காத."

நான் ஓடினேன். அந்த நேரத்தில் கேள்வி கேட்காமல் ஓடியது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். கேரியரோடு திரும்பி வந்தால் காடி ஜன்னலிலிருந்து பெரியம்மாவின் கை நீண்டது.

"இது என்ன?"

நான் கேரியரை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தேன்.

"இது என்னங்கிறேன்? நாங்க சோறு போட மாட்டோம்னு கட்டிக்கிட்டு வாறீங்களா?"

அண்ணன் நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கலாம். சுவிட்ச் இங்கே இருக்கிறது என்று காட்டியிருக்கலாம். ஆனால் சுற்றி டாக்சி நிலையமே நின்றது, நடுவில் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்துகொண்டு நின்றார். சாயங்காலத்துக்குள் மலாக்கா முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் எங்கள் காடி எங்களுடையதாக இருக்காது.

"எனக்குத்தாம்மா" என்றார் அண்ணன். "எனக்குப் பசி தாங்காது."

பெண்ணைத் தாரை வார்க்கும்வரை தகப்பன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. விடிந்ததிலிருந்து அவர் எச்சில்கூட விழுங்கவில்லை என்று எனக்குத் தெரியும், பலகைச் சுவர் இல்லையா? அண்ணி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்.

பெரியம்மா கேரியரைப் பிடுங்கித் திறந்தார். "காலிச் சட்டி!"

"அங்க பந்தியில... நிரப்பிக்கலாம்னு..." என்றார் அண்ணன்.

சிரிப்பு எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. தெருவே சிரித்தது. அவர் காடிகளுக்குச் சுவிட்ச் வைத்துக் கொடுத்த ஆட்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜவுளிக்கடை முதலாளி, "அப்ப எனக்குச் சாப்பிடச் சொன்னது சரிதான்யா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் எல்லாரையும் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தார். காலிப் பாத்திரத்தோடு கிளம்பக் கூடாது என்று அண்ணி ஓடி வந்து அதில் ஒரு கை சர்க்கரையைப் போட்டு மூடினார்.

நான் அதைத் தட்டில் வைத்தேன். என் விரலுக்குக் கீழே பலகை கொஞ்சம் இறங்கியது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். நான் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், வாயைத் திறந்தால் தெரியும் என்று எழுதியிருந்தது.

"மாப்ள, இப்ப இழு."

காடி சீறிக்கொண்டு கிளம்பியது. "பெட்ரோல் அடைச்சிருந்துது, விட்டுருச்சு!" என்று என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, கேரியர் சாய்ந்துவிடாமல் இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். பார்க்கிறவர்களுக்கு, ஒரு கை சர்க்கரையைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் என்றுதான் தோன்றியிருக்கும். முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். தாலி ஏறியது.

பந்தி ஆரம்பிப்பதற்குள் பெரியம்மா தோட்டம் முழுவதற்கும் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சம்பந்திக்கு முதல் இலை போடுங்கப்பா, பாவம் பசி தாங்க மாட்டாரு!" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். ஓர் ஆள் சாப்பாடு இரண்டு ஆள் சாப்பாடாக இலையில் விழுந்தது. கேரியரின் மூன்று அடுக்கிலும் பெரியம்மாவே சோறு, கூட்டு, வடை என்று அமுக்கி அடைத்து அவர் பக்கத்தில் வைத்தார். "வீட்டுக்குப் போறவரைக்கும் தாங்கும்ல?" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சிரித்துக்கொண்டே கவளம் கவளமாக விழுங்கினார். ஒவ்வொரு கவளமும் இறங்குவதற்கு அவர் பட்ட பாடு எதிர் இலையில் இருந்த எனக்குத் தெரிந்தது. அவருக்கு அடுத்த இலையில் என் வீட்டுக்காரர், பெட்ரோல் எப்படி அடைக்கும் என்று யாருக்கோ பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

அப்போது கல்யாணப் பெண் பாயாச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புது மஞ்சள் கயிறு கழுத்தில் ஈரமாக இருந்தது. வரிசையில் எல்லாரையும் விட்டுவிட்டு நேராக அப்பாவின் இலைக்கு முன்னால் வந்து குனிந்தாள். ஊற்றவில்லை.

"அப்பா."

"ம்."

"எனக்கு மட்டும் சொல்லுங்க. அந்தத் தட்டுக்குக் கீழயாப்பா?"

அண்ணன் கை இலையிலேயே நின்றுவிட்டது. கண் கலங்கிக் கெஞ்சிய ஆட்களுக்கும் அவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். என் வீட்டுக்காரர் பேச்சு நிற்கவில்லை.

"ஆமாம்மா" என்றார்.

அவள் கரண்டி நிறையப் பாயாசம் ஊற்றிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளை தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான் போல. அவள் பக்கத்தில் போனதும், "என்னா சொன்னாரு உங்கப்பா?" என்று கேட்டான்.

பெரியம்மாவும் காதைத் தீட்டிக்கொண்டு அங்கேதான் நின்றார்.

"இன்னும் கொஞ்சம் சோறு வேணுமாம்" என்றாள்.